பழைய பாலிசி, கெட்டுப்போன மண்: சுத்தம் பண்ற காசு யார் தர்றது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

உத்தமபாளையத்துல இருந்து பேசுறேன். தலைப்புல இன்ஷூரன்ஸ்னு பார்த்ததும் ஸ்கிப் பட்டன் பக்கம் கை போயிருக்கும். எனக்கும் இந்த டாபிக்கைப் படிக்க ஆரம்பிக்கும்போது அப்படித்தான் இருந்துச்சு. ஆனா இதுக்குள்ள கொடைக்கானல் இருக்கு, ராணிப்பேட்டை இருக்கு, போபால் இருக்கு. கடைசியில பத்து ரூபாய்க்கு நாமளே பண்ணக்கூடிய ஒரு வேலையும் இருக்கு. அதனால கொஞ்சம் பொறுங்க.

கேள்வி இதுதான். ஒரு ஃபேக்டரி இருபது வருஷம் ஓடுது. கழிவை மண்ணுல விடுது. அப்புறம் மூடிட்டுப் போயிடுது. இன்னொரு இருபது வருஷம் கழிச்சு, கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு ஊர்க்காரங்களுக்குத் தெரிய வருது. சுத்தம் பண்ண பல கோடி ஆகும். யார் தர்றது?

நம்ம ஊர்ல இதுக்கு ரெண்டு பதில்தான் சொல்லுவோம். ஒண்ணு, கம்பெனி தரணும். இல்லைன்னா அரசாங்கம் தரணும். மூணாவதா ஒரு பதில் இருக்கு. அந்தக் கம்பெனி நாற்பது வருஷத்துக்கு முன்னாடி பிரீமியம் கட்டுன ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி, இன்னைக்கும் பணம் தரலாம். அமெரிக்காவுல இது கற்பனை இல்ல, வருஷக்கணக்கா நடந்துக்கிட்டிருக்கு. இந்தியாவுல ஏன் நடக்கல, நடக்க வைக்க முடியுமா? இன்னைக்கு இதுதான் பேச்சு.

மலைக்கு மேல பாதரசம்

முதல்ல நம்ம பக்கத்து மலை. கும்பக்கரை அருவிக்குப் போகாத தேனி மாவட்டத்துக்காரங்க இருக்க மாட்டாங்க. அந்தத் தண்ணி பாம்பாறு. கொடைக்கானல் மலையில இருந்து இறங்கி பெரியகுளம் பக்கம் வருது. அந்தப் பாம்பாறு சோலைக்கு மேல இருக்கிற மேட்டுலதான் தெர்மாமீட்டர் ஃபேக்டரி இருந்துச்சு. 1983-ல பாண்ட்ஸ் கம்பெனி ஆரம்பிச்சது. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன்ல ஓடிக்கிட்டிருந்த ஆலையைத்தான் இங்க கொண்டு வந்தாங்க. அப்புறம் பாண்ட்ஸை யூனிலீவர் வாங்குனதால, ஃபேக்டரி இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்துச்சு.

2001 மார்ச்ல, மூஞ்சிக்கல் பக்கத்துல ஒரு பழைய இரும்புக் கடையில பாதரசம் ஒட்டுன உடைஞ்ச கண்ணாடி டன் கணக்குல கிடக்குறதை உள்ளூர் ஆட்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளியில கொண்டு வந்தாங்க. ஃபேக்டரி மூடியாச்சு. 2003-ல கிட்டத்தட்ட 290 டன் பாதரசக் கழிவைக் கப்பல்ல ஏத்தி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்புனாங்க. 2016-ல 591 முன்னாள் தொழிலாளர்களோட கம்பெனி ஒரு சமரசத்துக்கு வந்துச்சு. தொழிலாளர்களோட உடல்நலத்துக்கு ஃபேக்டரியால பாதிப்பு இல்லைங்கிறதுதான் கம்பெனி எப்பவும் சொல்லிட்டு வந்த நிலைப்பாடு. சமரசத்துக்கு முந்தின வருஷம் சோஃபியா அஷ்ரஃபோட ராப் வீடியோ வைரல் ஆனது உங்கள்ல நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும்.

மிச்சம் இருந்தது மண். ஒரு கிலோ மண்ணுல 20 மில்லிகிராம் பாதரசம் வரைக்கும் இருக்கலாம்னு ஒரு அளவு வெச்சாங்க. சோலைக்காடும் ஓடையும் ஒட்டி இருக்கிற இடத்துக்கு இது ரொம்பத் தளர்வான அளவுன்னு போராட்டக்காரங்க எதிர்த்தாங்க. இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க. எவ்வளவு சுத்தம் பண்ணா போதும்ங்கிற எண்தான் பில் தொகையைத் தீர்மானிக்குது. பில் கட்டப்போறவங்க எல்லாரும் சண்டை போடுறது அந்த எண்ணுக்காகத்தான்.

ஆனாலும் கொடைக்கானல்ல ஒரு வசதி இருந்துச்சு. கம்பெனி இன்னும் உயிரோட இருக்கு, பணமும் இருக்கு. கேள்வி கேட்க ஒரு முகவரி இருக்கு.

ராணிப்பேட்டையில முகவரி இல்ல

அடுத்தது ராணிப்பேட்டை சிப்காட். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்னு ஒரு கம்பெனி. தோல் பதனிடுற தொழிலுக்குத் தேவையான குரோமியம் ரசாயனங்கள் தயாரிச்சாங்க. 1970-கள்ல ஆரம்பிச்சு 1990-கள் நடுவுல மூடிட்டாங்க. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல குரோமியம் கழிவு அங்கேயே மலை மாதிரி கிடந்துச்சு. அதுல இருக்கிறது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், புற்றுநோய் உண்டாக்குற வகை. மழை பெஞ்சா மஞ்சத் தண்ணி வெளிய வரும். பக்கத்துல பாலாறு.

கம்பெனி மூடுன பிறகு இந்த மண்ணுக்கு யார் பொறுப்பு? சட்டப்படி பதில் தெளிவா இருக்கு. 1996-ல வேலூர் தோல் தொழிற்சாலை வழக்குல, "மாசு பண்ணவனே பணம் கட்டணும்"ங்கிற கொள்கை நம்ம நாட்டுச் சட்டத்தோட ஒரு பகுதின்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. தமிழ்நாட்டுல பிறந்த தீர்ப்பு அது, இன்னைக்கும் நாடு முழுக்க மேற்கோள் காட்டுறாங்க. ஆனா பணம் கட்ட வேண்டியவன் கிட்ட ஒண்ணுமே இல்லைன்னா கொள்கையை வெச்சு என்ன பண்றது? கடைசியில பில் மக்கள் வரிப்பணத்துக்குத்தான் வருது.

போபால்ல அதைக் கண்ணால பார்த்தோம். 1984 டிசம்பர்ல விஷவாயு. அந்த ஆலை வளாகத்துல கிடந்த 337 டன் கழிவு, நாற்பது வருஷம் கழிச்சு, 2025 ஜனவரியிலதான் எரிக்கிறதுக்காக பீதம்பூருக்குக் கிளம்புச்சு. அதுக்கு 126 கோடி ரூபாய். கொடுத்தது மத்திய அரசு.

பழைய பாலிசி எப்படி வேலை செய்யுது?

இப்ப அந்த மூணாவது பதிலுக்கு வருவோம். உங்க பைக்குக்குத் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் இருக்குல்ல? உங்களால அடுத்தவனுக்கு நஷ்டம் வந்தா இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டும். தொழிற்சாலைக்கும் அதே மாதிரி ஒண்ணு உண்டு, பொதுப் பொறுப்பு பாலிசி. நஷ்ட ஈட்டுப் பொறுப்பு தொழிற்சாலை மேல வந்தா, அதை இன்ஷூரன்ஸ் ஏத்துக்கும்.

இதுல ரெண்டு வகை. இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம் மட்டும் மனசுல நிக்கணும்னா, அது இந்த வித்தியாசமா இருக்கட்டும்.

முதல் வகை, "ஆக்கரன்ஸ்" பாலிசி. சேதம் எந்த வருஷம் நடந்துச்சோ, அந்த வருஷத்துப் பாலிசி பொறுப்பு. நீங்க எப்போ கேஸ் போடுறீங்கங்கிறது முக்கியமில்ல. 1978-ல தண்ணி கெட்டுச்சு, 2008-ல கண்டுபிடிச்சீங்கன்னா, 1978 பாலிசியைத்தான் தேடணும். பாலிசி காலாவதி ஆகி முப்பது வருஷம் ஆச்சேன்னு சொல்ல முடியாது. அந்த வருஷத்துக்கான பொறுப்பை அவங்க அன்னைக்கே வித்துட்டாங்க.

ரெண்டாவது வகை, "க்ளெய்ம்ஸ் மேட்" பாலிசி. எந்த வருஷம் உங்க மேல கேஸ் வருதோ, அந்த வருஷத்துப் பாலிசி பொறுப்பு. பாலிசியைப் புதுப்பிக்கிறதை நிறுத்திட்டா, முன்னாடி நடந்ததுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு போயிடும்.

அமெரிக்காவுல 1986-க்கு முன்னாடி தொழிற்சாலைகள் எடுத்த பாலிசிகள் பெரும்பாலும் முதல் வகை. அப்போ மண் மாசுன்னா என்னன்னு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கே பெரிய கவலை இல்ல. 1978-ல லவ் கெனால்னு ஒரு குடியிருப்புக்குக் கீழ ரசாயனக் கழிவு புதைஞ்சு கிடந்தது பெரிய செய்தியாச்சு. 1980 டிசம்பர்ல சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்துச்சு. அந்தக் காலத்துல சட்டத்தை மீறி இருக்கியா இல்லையாங்கிறது பேச்சில்ல, கழிவு உன்னோடதுன்னா சுத்தம் பண்ற செலவும் உன்னோடதுன்னு சொல்ற சட்டம். உடனே கம்பெனிகள் எல்லாம் பீரோவைத் திறந்து பழைய பாலிசிகளைத் தேட ஆரம்பிச்சாங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பயந்துபோய், 1986-ல இருந்து மாசுக்கு அறவே பணம் கிடையாதுன்னு பாலிசியிலயே எழுதிட்டாங்க. ஆனா ஏற்கெனவே வித்ததைத் திரும்ப வாங்க முடியாதே.

இதுக்கு ஒரு தனித் தொழிலே உருவாச்சு. பேரு இன்ஷூரன்ஸ் ஆர்க்கியாலஜி. கீழடியில பானை ஓடு தேடுற மாதிரி, இவங்க பாலிசி தேடுறாங்க. ஒரிஜினல் பாலிசி கிடைக்கலைன்னாலும் பரவாயில்ல. பிரீமியம் கட்டுன செக், கணக்குப் பேரேடு, ஆடிட்டர் குறிப்பு, பேங்க் லோனுக்காகக் கொடுத்த இன்ஷூரன்ஸ் சான்றிதழ், புரோக்கரோட கடிதம்னு துண்டு துண்டா சேர்த்து, "இந்த வருஷம் இவ்வளவு தொகைக்குப் பாலிசி இருந்துச்சு"ன்னு கோர்ட்ல நிரூபிக்கிறாங்க. சர்வர் போன பிறகு பேக்கப் இல்லாம, லாக் ஃபைலையும் மெயிலையும் வெச்சு டேட்டாவைத் திரும்பக் கட்டுறது மாதிரிதான். என் கூட வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த வலி புரியும்.

இதெல்லாம் சண்டை இல்லாம கிடைக்கிற பணம்னு நினைச்சுடாதீங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வரிசையா வாதம் வைப்பாங்க.

முதல் வாதம், "பாலிசி அடுத்தவன் சொத்துக்குத்தான், உன் சொந்த மண்ணுக்கு இல்ல." இதுக்கு வழக்கமான பதில், நிலத்தடி நீர். விஷம் நிலத்தடி நீர்ல கலந்துட்டா அது என் வேலிக்குள்ள நிக்காது, அடுத்தவன் கிணத்துக்குப் போகுது.

ரெண்டாவது வாதம், "திடீர்னு, தற்செயலா நடந்த மாசுக்கு மட்டும்தான்." 1970-கள்ல பாலிசிகள்ல இந்த வரி சேர்ந்துச்சு. இருபது வருஷமா சொட்டுச் சொட்டா கசிஞ்சது திடீர்னு நடந்ததா? இந்த ஒரு வார்த்தைக்கு ஒவ்வொரு மாநில நீதிமன்றமும் ஒவ்வொரு அர்த்தம் சொல்லுச்சு.

மூணாவது வாதம்தான் எனக்குப் பிடிச்ச கேஸ். இண்டியானா மாநிலத்துல ஒரு பெட்ரோல் பங்க். பூமிக்கடியில இருந்த டேங்க்ல இருந்து பெட்ரோல் கசிஞ்சுடுச்சு. இன்ஷூரன்ஸ்காரங்க, "பெட்ரோல் ஒரு மாசுப் பொருள், மாசுக்குப் பாலிசி இல்ல"ன்னு கையை விரிச்சாங்க. 1996-ல அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஒத்துக்கல. பெட்ரோல் பங்குக்குன்னே பாலிசி வித்துட்டு, பெட்ரோல் கசிஞ்சா பணம் இல்லைன்னு சொல்றதா இருந்தா, அதை வெளிப்படையா எழுதியிருக்கணும்னு சொல்லிடுச்சு. டீக்கடைக்கு பாலிசி கொடுத்துட்டு வெந்நீர் கொட்டுனா கிடையாதுன்னு சொல்ற கதைதான். அதுக்கப்புறம் இண்டியானாவுல சின்னச் சின்ன டிரை கிளீனிங் கடைகள் கூட பழைய பாலிசியை வெச்சு மண்ணைச் சுத்தம் பண்ண முடிஞ்சுது.

நாலாவது, கணக்குச் சண்டை. மாசு 18 வருஷம் நடந்துச்சு. ஆனா 6 வருஷத்துக்குத்தான் பாலிசி கிடைச்சிருக்குன்னு வெச்சுக்குவோம். சில மாநிலங்கள்ல, "6 வருஷத்துக்கு உண்டானது, அதாவது மூணுல ஒரு பங்குதான் கிடைக்கும்"னு சொல்லுவாங்க. கலிஃபோர்னியா மாதிரி இடங்கள்ல, கிடைச்ச பாலிசிகள் அதோட உச்சவரம்பு வரைக்கும் மொத்த செலவையும் ஏத்துக்கணும்னு சொல்லுவாங்க. ஒரே மண், ஒரே விஷம். எந்த மாநிலம்ங்கிறதைப் பொறுத்து தொகை மூணு மடங்கு மாறுது.

அந்தக் கலிஃபோர்னியா தீர்ப்பு வந்தது ஸ்ட்ரிங்ஃபெல்லோங்கிற இடத்துக்காக. 1956-ல இருந்து 1972 வரைக்கும் ஆலைகளோட திரவக் கழிவைக் குழியில ஊத்துன இடம். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து வடிவமைச்சது மாநில அரசு. அதனால சுத்தம் பண்ற பொறுப்பும் அரசாங்கம் மேலயே விழுந்துச்சு. அரசாங்கம் தன்னோட பழைய பாலிசிகளை எடுத்துக்கிட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் மேல கேஸ் போட்டுச்சு. 2012-ல கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அரசாங்கத்துக்குச் சாதகமா தீர்ப்பு சொல்லுச்சு. மக்கள் வரிப்பணத்துல போக வேண்டிய காசை, பழைய காகிதத்துல இருந்து எடுத்தாங்க.

இந்தச் சுமை எவ்வளவு பெருசுன்னா, ஆஸ்பெஸ்டாஸும் மண் மாசும் சேர்ந்து லண்டன் லாயிட்ஸையே கிட்டத்தட்ட முங்க வெச்சுடுச்சு. 1996-ல பழைய பொறுப்புகளை எல்லாம் ஒதுக்கி எக்விட்டாஸ்னு தனிக் கம்பெனியே ஆரம்பிக்க வேண்டி வந்துச்சு.

இங்க ஏன் நடக்கல?

இந்தியாவுல பொதுவா விற்குற பொதுப் பொறுப்பு பாலிசி ரெண்டாவது வகை, க்ளெய்ம்ஸ் மேட். அது மேல மாசுக்கான கட்டுப்பாடுகள் வேற. அதனால அமெரிக்கா மாதிரி ஒரு பெரிய புதையல் இங்க காத்துக்கிட்டிருக்குன்னு நான் ஆசை காட்ட மாட்டேன்.

போபாலுக்கு அப்புறம் 1991-ல பொதுப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் சட்டம் வந்துச்சு. அபாயகரமான ரசாயனம் கையாளுற எல்லாரும் கட்டாயம் பாலிசி எடுக்கணும். யார் தப்புன்னு நிரூபிக்காமலேயே பாதிக்கப்பட்டவங்களுக்குப் பணம். யோசனை நல்ல யோசனை. தொகையைப் பாருங்க: உயிர் போனா 25,000 ரூபாய். சொத்துச் சேதத்துக்கு அதிகபட்சம் 6,000 ரூபாய். முப்பது வருஷத்துக்கும் மேல இதே எண்கள்தான், சமீபத்துலதான் உயர்த்துனாங்க. அந்தச் சட்டம் விபத்தை மனசுல வெச்சு எழுதுனது. டேங்க் வெடிச்சா சரி. இருபது வருஷமா மெதுவா கசியிற மண்ணுக்கு அது செருப்புக்கடையில சட்டை தேடுற மாதிரி.

பிரீமியத்துக்குச் சமமான தொகையை கம்பெனிகள் சுற்றுச்சூழல் நிவாரண நிதின்னு ஒண்ணுக்கும் கட்டணும். பல வருஷமா அதை நிர்வகிச்சது சென்னையைத் தலைமையிடமா வெச்சிருக்கிற யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ். நூற்றுக்கணக்கான கோடி சேர்ந்துச்சு, பெரும்பாலும் செலவாகாமலேயே கிடந்துச்சு.

இன்னொரு சம்பவம். 1991-ல போபால் வழக்குல உச்ச நீதிமன்றம், பின்னாடி நோய் வரக்கூடியவங்களுக்காக, சுமார் ஒரு லட்சம் பேருக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவு போட்டுச்சு. 2023 மார்ச்ல கூடுதல் இழப்பீடு கேட்ட மனுவைத் தள்ளுபடி பண்ணும்போதுதான், அந்தப் பாலிசியை எடுக்கவே இல்லைங்கிறதை நீதிமன்றம் சுட்டிக்காட்டி, பெரிய அலட்சியம்னு கண்டிச்சுது. மாசுக்கு அப்புறம் மக்களைக் காப்பாத்த வேண்டிய காகிதத்தை யாருமே வாங்கல. எனக்கு இதைப் படிச்சப்போ கோபம் வந்துச்சு, மறைக்க விரும்பல.

சரி, என்ன பண்ணலாம்?

ஒரு விஷயத்துல நம்ம நிலைமை அமெரிக்காவை விட சுலபம். அங்க நூத்துக்கணக்கான இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், சிலது திவால். இங்க 1973 ஜனவரியில இருந்து பொது இன்ஷூரன்ஸ் முழுக்க அரசாங்கத்துக்கிட்ட. நூத்துக்கும் மேல இருந்த கம்பெனிகளை நாலா மாத்துனாங்க: நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா. 2000 வாக்குல தனியார் திரும்ப வர்ற வரைக்கும், ஒரு தொழிற்சாலை பொதுப் பொறுப்பு பாலிசி எடுத்திருந்தா இந்த நாலுல ஒண்ணுகிட்டதான் எடுத்திருக்கணும். கதவு நாலுதான். நாலுமே அரசுக் கம்பெனி. அரசுக் கம்பெனின்னா தகவல் உரிமைச் சட்டம் பொருந்தும்.

"வணிக ரகசியம், தர முடியாது"ன்னு பதில் வரும்னு நினைப்பீங்க. அந்தச் சட்டத்துல 8(3)-ன்னு ஒரு பிரிவு இருக்கு. விண்ணப்பிக்கிற தேதிக்கு 20 வருஷத்துக்கு முன்னாடி நடந்த விஷயம்னா, நாட்டுப் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் காகிதம் மாதிரி சில விலக்குகள் தவிர மத்ததைக் காட்டி மறுக்க முடியாது. வணிக ரகசியம் அந்தச் சில விலக்குகள்ல இல்ல. ஆக, 1985-ல ஒரு ஆலைக்கு என்ன பாலிசி இருந்துச்சுன்னு பத்து ரூபாய் கட்டணத்துல கேட்கலாம். ஃபைலை அழிச்சிருந்தா, அழிச்சுட்டோம்னு எழுத்துல பதில் வரும். அதுவும் ஒரு ஆவணம்தான்.

ரெண்டாவது, 2025 ஜூலையில மத்திய அரசு மாசடைந்த இடங்களைக் கையாள தனி விதிகள் கொண்டு வந்துச்சு. சந்தேகமான இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியல் போடணும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாள்ல முதல்கட்ட ஆய்வு பண்ணணும், மாசு பண்ணவங்ககிட்ட செலவை வசூலிக்கணும். ஆள் கிடைக்கலைன்னா மத்திய, மாநில அரசுகள் ஏத்துக்கும். அந்த நேரத்துல நாடு முழுக்க அடையாளம் கண்டிருந்தது 103 இடங்கள், அதுல சுத்தம் பண்ற வேலை தொடங்கினது 7-ல மட்டும்.

என்னோட வாதம் இதுதான். பொறுப்பானவர் யாருன்னு விசாரிக்கிற அந்தக் கட்டத்துல ஒரு கேள்வியைக் கூடுதலா சேர்க்கணும்: "இந்த ஆலை ஓடுன ஒவ்வொரு வருஷத்துக்கும் உங்க பாலிசி எங்கே?" கம்பெனி மூடுறதுக்கு முன்னாடி, அதோட பழைய பாலிசிகளோட நகலை வாரியத்துல ஒப்படைக்கணும்னு ஒரு வரி போதும். இன்னைக்குப் பத்துப் பக்கம் சேமிச்சா, நாற்பது வருஷம் கழிச்சு ஒரு ராணிப்பேட்டைக்கு எங்க தேடுறதுன்னாவது தெரியும்.

நீங்க அனுப்பின கேள்விகள்

கம்பத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு: "தம்பி, ரோட்டோரமா இடம் வாங்கப் போறேன். முன்னாடி அங்க பெட்ரோல் பங்க் இருந்துச்சாம். இதெல்லாம் எனக்கு எதுக்கு?"

அண்ணே, உங்களுக்குத்தான் ரொம்பத் தேவை. நாம பட்டா பார்க்குறோம், சிட்டா பார்க்குறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்குறோம். வில்லங்கத்துல கடன் தெரியும், மண்ணுக்குள்ள டேங்க் இருக்கிறது தெரியாது. டேங்கை எடுத்தாச்சா, எப்போ எடுத்தாங்கன்னு கேளுங்க. போர் தண்ணியை லேப்ல கொடுத்துப் பாருங்க. பழைய லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் காகிதம் இருந்தா நகல் வாங்கிக்கோங்க. பத்திரத்துல, முன்னாடி நடந்த மாசுக்கு விக்கிறவர்தான் பொறுப்புன்னு ஒரு வரி எழுதச் சொல்லி வக்கீல்கிட்ட கேளுங்க.

சின்னமனூர்ல இருந்து ஒரு தங்கச்சி: "இன்ஷூரன்ஸ் கட்டிடும்னு தெரிஞ்சா கம்பெனிகள் இன்னும் தைரியமா மாசு பண்ணாதா?"

நியாயமான பயம். தெரிஞ்சே, வேணும்னே பண்ண சேதத்துக்கு எந்தப் பாலிசியும் பணம் தராது. அதோட, பிரீமியம் போடணும்னா இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆலையைப் போய்ப் பார்க்கணும். சரியா செஞ்சா, வாரியத்துக்கு மேல இன்னொரு ஜோடிக் கண்ணு. எல்லாத்துக்கும் ஒரே பிரீமியம்னு கண்ணை மூடிட்டு வித்தா, உங்க பயம் உண்மையாயிடும்.

இவ்வளவுதான் இந்த வாரம். நம்ம உத்தமபாளையத்துக்கு வர்றது முல்லைப் பெரியாத்துத் தண்ணி, பாம்பாறு இல்ல. ஆனா ரெண்டும் போய்ச் சேர்றது வைகையிலதான். உங்க ஊர்ல மூடிக் கிடக்குற பழைய ஆலை எது, எந்த வருஷம் ஓடுச்சுன்னு தெரிஞ்சா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல, நாலு கம்பெனிக்கும் அனுப்புற மாதிரி ஒரு தகவல் உரிமை மனுவை வரி வரியா சேர்ந்து எழுதலாம்.